அடித்து எழுதிய ஒரு சொல்

சென்னை கிண்டியில் உள்ள பொறியியல் கல்லூரி, 1794ஆம் ஆண்டில் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. ஆசியாவின் பழமையான தொழில்நுட்பக் கல்வி நிலையங்களுள் அதுவும் ஒன்று. பாலமும் சாலையும் அணையும் கட்டிய பொறியாளர்கள் பலர் அங்கே பயின்றனர். ஆயினும் 146 ஆண்டுகள் வரை அதன் மாணவர் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர்கூட இடம்பெறவில்லை. 1940ஆம் ஆண்டில் அப்பட்டியலில் முதன்முதலாக ஏறிய பெண்ணின் பெயர் லலிதா.

அய்யலசோமயாஜுல லலிதா 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று சென்னையில் பிறந்தார். அவருடைய குடும்பம் தெலுங்கு பேசும் குடும்பம். வீட்டில் ஒரு மொழி, தெருவில் வேறொரு மொழி என்று வளர்வது எப்படி இருக்கும் என்பதை, இப்பாடத்தைப் படிக்கும் மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தந்தை பப்பு சுப்பா ராவ், கிண்டிக் கல்லூரியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். ஏழு பிள்ளைகளுள் லலிதா ஐந்தாமவர். ஆண்பிள்ளைகள் பொறியியல் பயின்றனர். பெண்களுக்கு அடிப்படைக் கல்வி தந்து மணம் முடித்து வைப்பதே வழக்கமாக இருந்தது. பேராசிரியர் வீட்டிலும் அதுவே வழக்கம்.

லலிதாவுக்கும் 15 வயதில் திருமணம் நடந்தது. அதற்குப் பின்னும் பத்தாம் வகுப்பு வரை அவர் படிக்க வேண்டும் என்பதில் தந்தை உறுதியாக இருந்தார். 18 வயதில் லலிதா ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். குழந்தை பிறந்து நான்கு மாதங்களில் கணவர் இறந்துவிட்டார்.

அக்காலத்தில் கணவனை இழந்த இளம்பெண்ணின் வாழ்வு பல குடும்பங்களில் ஓர் அறைக்குள் சுருங்கிப்போகும். நல்ல நாள்களில் அவள் எதிரே வருவதையும் தீய சகுனம் என்றனர். அந்த அறைக்குள் போய் அமர்வதில்லை என்று லலிதா முடிவு செய்தார். கைக்குழந்தையோடு பெற்றோர் வீட்டிற்கு வந்தார். மீண்டும் புத்தகத்தைக் கையில் எடுத்தார். இராணி மேரிக் கல்லூரியில் இடைநிலை வகுப்புப் பயின்று முதல் வகுப்பில் தேறினார்.

அடுத்து என்ன படிப்பது? பெண்கள் படிக்கும் தொழிற்கல்வி என்றால் அன்று மருத்துவம்தான் நினைவுக்கு வரும். முத்துலட்சுமி ரெட்டி 1912ஆம் ஆண்டிலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றிருந்தார். லலிதா அவ்வழியை வேண்டாம் என்றார். அதற்கு அவர் கண்ட காரணம் எளிமையானது. மருத்துவரை நள்ளிரவிலும் அழைப்பார்கள். உறங்கும் குழந்தையை விட்டுவிட்டு அந்நேரத்தில் எழுந்து போக அவருக்கு மனமில்லை. பகலில் வேலை, மாலையில் மகள் என்று அமையும் தொழில் ஒன்று வேண்டும். தந்தையும் உடன்பிறந்த ஆண்களும் பயின்ற பொறியியல் அவர் கண்முன் இருந்தது. ஒரு பெண் அதைப் படிக்கலாமா என்று நாடு கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவர் கேட்ட கேள்வி வேறு: இதைப் படித்தால் குழந்தை எங்கே இருக்கும்?

தந்தை கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். பொதுக்கல்வி இயக்குநரின் ஒப்புதலும் கிடைத்தது. லலிதா மின்பொறியியல் வகுப்பில் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண்கள் பயிலும் கல்லூரியில் அவர் ஒருவரே பெண். உடன் பயின்றவர்கள் அவரிடம் கண்ணியமாகவே நடந்துகொண்டனர். தொல்லை வேறு வடிவில் வந்தது. மாலையில் வகுப்பு முடிந்து விடுதிக்குத் திரும்பினால் பேசுவதற்கு ஒருவரும் இல்லை. மகளோ உறவினர் வீட்டில் வளர்ந்தாள். வார இறுதியில்தான் தாயும் மகளும் சந்திக்க முடிந்தது. தனிமையைத் தாங்க இயலாத நிலையை லலிதா தந்தையிடம் கூறினார். இன்னொருவராயின், மகளைப் படிப்பை நிறுத்தச் சொல்லியிருப்பார். சுப்பா ராவ், பெண்களும் பொறியியல் வகுப்பில் சேரலாம் என்று விளம்பரம் செய்யுமாறு கல்லூரியை இணங்கச் செய்தார். கேரளத்தைச் சேர்ந்த பி.கே. திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் கட்டடப் பொறியியல் வகுப்பில் வந்து சேர்ந்தனர். விடுதியில் பேச்சுக்குரல் கேட்டது. திரேசியா பிற்காலத்தில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

அவ்விருவரும் லலிதாவுக்கு ஓராண்டு இளையவர்கள். எனினும் இரண்டாம் உலகப் போரின் காரணமாகப் பாடக்காலம் சுருக்கப்பட்டதால், மூவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பட்டம் பெற்றனர். பட்டச் சான்றிதழ்களைக் கையில் எடுத்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. பட்டம் பெறுபவரைக் குறிக்கும் இடத்தில், ஆணைச் சுட்டும் ‘ஹி’ என்னும் ஆங்கிலச் சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. பெண் ஒருவர் வந்து நிற்பார் என்று அச்சிட்டவர்கள் எண்ணியதே இல்லை. அச்சொல்லை அடித்துவிட்டு, ‘ஷி’ என்று மாற்றி எழுதிக் கொடுத்தனர். சான்றிதழ் தமிழில் இருந்திருந்தால் இந்தத் திருத்தம் தேவைப்பட்டிராது. ‘அவர்’ என்னும் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருங்கே உரியதன்றோ! மொழியில் இடமிருந்தும் வகுப்பறையில் இடமில்லாதிருந்தது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

ஏட்டுக் கல்வியோடு செய்முறைப் பயிற்சியும் வேண்டும். பீகாரில் உள்ள ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் லலிதா ஓராண்டு தொழிற்பயிற்சி பெற்றார். 1862ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பெரும் பணிமனை அது. நீராவி எஞ்சின்களைப் பிரித்துப் பழுதுபார்த்து மீண்டும் பூட்டும் அவ்விடத்தில், ஓசைக்கும் எண்ணெய்க்கும் குறைவிராது.

பின்னர் 1944ஆம் ஆண்டில் முதல் வேலை கிடைத்தது. சிம்லாவில் இருந்த மத்தியத் தர நிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளர் பணி. கடலோர நகரில் பிறந்தவர் பனி பெய்யும் மலைநகருக்குச் சென்றார். அதை ஏற்றுக்கொண்டதற்கும் பழைய கேள்வியே காரணம். அவருடைய சகோதரர் குடும்பத்துடன் சிம்லாவில் வசித்தார்; தாய் அலுவலகத்தில் இருக்கும்போது மகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தது.

தர நிர்ணயம் என்பது வெளியே தெரியாத வேலை. ஓர் ஊரில் வாங்கிய மின்விளக்கு மற்றோர் ஊரின் தாங்கியில் சரியாகப் பொருந்துகிறது என்றால், அளவு இதுதான் என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே வரையறுத்திருக்கிறார் என்று பொருள். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே, இலண்டனில் உள்ள மின்பொறியாளர் கழகத்தின் தேர்வையும் லலிதா எழுதித் தேறினார்.

1946ஆம் ஆண்டில் சிம்லாவை விட்டு வந்து, தந்தையின் ஆய்வுகளுக்குச் சில மாதங்கள் துணை நின்றார். 1948ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனத்தில் சேர்ந்தார். மின்கடத்தும் தடங்களை வடிவமைப்பதும், துணைமின் நிலையங்களில் எக்கருவி எங்கே அமைய வேண்டும் என்று வரைவதும், பழுது நேர்ந்தால் மின்னோட்டத்தை நொடியில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவிகளைத் திட்டமிடுவதும் அவருடைய பணிகள். சட்லெஜ் ஆற்றின் குறுக்கே எழுந்த பக்ரா நங்கல் திட்டத்தின் மின்னாக்கிகளுக்கான பணியில் அவருக்கும் பங்கு உண்டு. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் வாழும் மாணவர்கள் மாலையில் விளக்கைப் போடும்போது எரிவது, அந்த அணையிலிருந்து வரும் மின்சாரமாகவும் இருக்கலாம்.

சொற்பொருள்

நில அளவை – நிலத்தை அளந்து வரைபடம் ஆக்குதல்
இடைநிலை வகுப்பு – அக்காலத்தில் பள்ளிப் படிப்புக்கும் பட்டப்படிப்புக்கும் இடையே இருந்த ஈராண்டுப் படிப்பு
பணிமனை – பொருள்களைச் செய்யும் அல்லது பழுதுபார்க்கும் இடம்
மின்னாக்கி – மின்சாரத்தை உண்டாக்கும் பொறி

பயிற்சி

1. லலிதா மருத்துவம் படிக்க விரும்பாததற்குக் காரணம் என்ன? அக்காரணம் உமக்குச் சரியாகத் தோன்றுகிறதா?

2. ‘இன்னொருவராயின், மகளைப் படிப்பை நிறுத்தச் சொல்லியிருப்பார்.’ சுப்பா ராவ் என்ன செய்தார்? அதனால் யார் யார் பயன் பெற்றனர்?

3. அவன், அவள், அவர் ஆகிய மூன்று சொற்களையும் தனித்தனி வாக்கியங்களில் அமைத்து எழுதுக. நீர் வாழும் மாநிலத்தின் மொழியில் ‘அவர்’ என்பதற்கு இணையான சொல் உண்டா என்று கேட்டறிக.

4. உம் தாய் அல்லது தந்தை, சொந்த ஊரை விட்டு வந்து புதிய ஊரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளைப் பற்றிக் கேட்டு, அவர் சொன்னவாறே பத்து வரிகளில் எழுதுக.