எஃபெக்ட் உள்ள டிஜிட்டல் டிஜே மிக்ஸர்: வாங்கும் முன் எதையெல்லாம் ஒப்பிட வேண்டும்?

மாரண்டஹள்ளி பக்கம் ஒரு காலத்தில் கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்றால் ரேடியோ செட் கட்டுபவர் ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு கேசட் டெக், இரண்டு குழாய் ஸ்பீக்கரோடு வந்து இறங்குவார். இன்று அதே வேலைக்கு லேப்டாப்போடு போகிறார்கள். கம்ப்யூட்டர் வாங்கிய இளைஞர்கள் பலருக்கு அடுத்து வரும் ஆசை, "ஒரு டிஜே மிக்ஸர் வாங்கிப் போட்டால் முகூர்த்த மாதங்களில் நாலு காசு பார்க்கலாமே" என்பதுதான். ஆசையில் தப்பில்லை. ஆனால் வீட்டு நகையை அடகு வைத்து மிக்ஸர் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கடன் வாடகைப் பணத்தில்தான் அடைய வேண்டும். எனவே கடைக்குப் போகும் முன் சில விஷயங்களைத் தெரிந்து கொள்வோம்.

கன்ட்ரோலரா, மிக்ஸரா?

புதியவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 போன்றவை கன்ட்ரோலர்கள். பார்க்க மிக்ஸர் போலவே இருக்கும். ஆனால் எக்கோ, ஃபில்டர் போன்ற எஃபெக்ட்களை உருவாக்குவது உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் சாஃப்ட்வேர்தான். லேப்டாப் ஹேங் ஆனால் மண்டபமே அமைதியாகிவிடும்!

மிக்ஸர் அப்படியல்ல. அதற்குள் தனி ப்ராஸசர் இருக்கிறது. கம்ப்யூட்டர் நின்று போனாலும் இன்னொரு சேனலில் செருகிய செல்போனிலிருந்து பாட்டு ஓடும், எஃபெக்ட்டும் வேலை செய்யும். இந்த வசதிக்காகத்தான் கன்ட்ரோலரை விடப் பல மடங்கு விலை கொடுக்கிறோம். வீட்டில் பழகிப் பார்க்க மட்டும் என்றால் கன்ட்ரோலரே போதும் என்பது என் கருத்து.

மேலும் ஒரு நுணுக்கம். அட்டைப் பெட்டியில் "டிஜிட்டல் எஃபெக்ட்" என்று அச்சிட்டிருந்தால் அது டிஜிட்டல் மிக்ஸர் என்று அர்த்தமல்ல. செகண்ட் ஹேண்டில் பார்க்கக்கூடிய பெரிங்கர் டிஜேஎக்ஸ்750 ஒரு அனலாக் மிக்ஸர். எஃபெக்ட் பகுதி மட்டும் டிஜிட்டல். கம்ப்யூட்டரோடு இணைக்க யு.எஸ்.பி. கிடையாது. ஆலன் அண்ட் ஹீத் நிறுவனம் 2018ல் வெளியிட்ட ஸோன்:96 விலை உயர்ந்தது, யு.எஸ்.பி. சவுண்ட் கார்டும் உண்டு. ஆனால் அதில் இருப்பது அனலாக் ஃபில்டர்கள்தான். எக்கோ வேண்டுமானால் வெளியிலிருந்து தனி எஃபெக்ட் யூனிட்டை இணைக்க வேண்டும். பயனியர் டிஜே 2016ல் கொண்டு வந்த டிஜேஎம்-900 என்எக்ஸ்எஸ்2 முழுக்க டிஜிட்டல். 14 பீட் எஃபெக்ட்கள், 6 சவுண்ட் கலர் எஃபெக்ட்கள் உள்ளேயே இருக்கின்றன. விலை அதிகம்தான் என்றாலும், மற்ற மாடல்களை ஒப்பிட இதை அளவுகோலாக வைத்துக் கொள்ளலாம்.

எண்ணிக்கையில் மயங்காதீர்கள்

"இதில் 8 எஃபெக்ட், அதில் 14" என்று கடைக்காரர் சொல்வார். நிகழ்ச்சியில் கை தானாகப் போவது எக்கோ, ரிவர்ப், ஃபில்டர் ஆகிய மூன்றுக்கும்தான். எப்போதாவது ரோல், ஃபிளாஞ்சர். இந்த மூன்றும் நன்றாக ஒலிக்கிறதா என்று மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். 96 கிலோ ஹெர்ட்ஸ் சாம்பிளிங் என்பதும் நல்ல விஷயமே. ஆனால் நீங்கள் போடப்போவது 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் பாட்டில் இல்லாத தெளிவை எந்த மிக்ஸரும் கொண்டு வந்து சேர்க்காது.

பி.பி.எம். கவுண்டரும் நம் பாட்டும்

எக்கோ பாட்டின் தாளத்தோடு சேர்ந்து விழ வேண்டும். அதற்காக மிக்ஸர் ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று தானே எண்ணுகிறது. கணக்கு எளிது. 60,000ஐ பி.பி.எம். எண்ணால் வகுத்தால் ஒரு அடிக்கு எத்தனை மில்லி செகண்ட் என்று கிடைக்கும். 120 பி.பி.எம். பாட்டில் ஒரு அடி 500 மில்லி செகண்ட், அரை அடி 250.

இந்தக் கவுண்டர்கள் நாலு நாலாக ஓடும் மேல்நாட்டு நடன இசையை மனதில் வைத்து உருவாக்கப்பட்டவை. நம் குத்துப் பாடல்களில் பல திஸ்ர நடையில், அதாவது ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரிந்து ஓடுபவை. 120ல் ஓடும் அப்படி ஒரு பாட்டைக் கொடுத்தால் கவுண்டர் 90 என்றோ 180 என்றோ காட்டக்கூடும். சரியாக 120 என்று காட்டினாலும் பிரச்சினை தீராது. பாட்டில் உள்ள தட்டுகள் 167, 333 மில்லி செகண்டில் விழ, அரை அடி எக்கோ 250ல் போய் விழும். பறையடிக்கு நடுவில் யாரோ தனியாகத் தாளம் தப்பித் தட்டுவது போல் கேட்கும். (வேடிக்கை என்னவென்றால், தப்பாகக் காட்டும் 180ல் அரை அடி வைத்தால் அது 167! எக்கோ சரியாகவே விழும். ஆனால் அதே எண்ணை நம்பி ஒரு அடி ரோல் போட்டால் கோணலாகிவிடும்.)

ஆகவே இரண்டு வசதிகளைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஒன்று, எக்கோ நேரத்தை மில்லி செகண்டில் கையால் திருப்பி வைக்கும் டைம் நாப். மற்றொன்று, தாளத்துக்கு விரலால் தட்டிக் காட்டும் டேப் பட்டன். 1980களின் சினிமாப் பாடல்களில் பெரும்பாலானவை இசைக் கலைஞர்கள் சேர்ந்து நேரடியாக வாசித்துப் பதிவானவை. பல்லவியில் இருக்கும் வேகம் சரணத்தில் சற்று மாறும். அங்கே ஆட்டோ கவுண்டர் தடுமாறும், டேப் பட்டன்தான் கைகொடுக்கும். கடைக்குப் போகும்போது பென் டிரைவில் இரண்டு குத்துப் பாட்டு, ஒரு பழைய பாட்டு எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரின் டெமோ பாட்டு எந்த மிக்ஸரிலும் அழகாகத்தான் ஒலிக்கும்.

ஃபேடரை இறக்கிப் பாருங்கள்

எக்கோவை ஆன் செய்து, பாட்டு ஓடும்போதே அந்தச் சேனல் ஃபேடரைச் சட்டென்று கீழே இறக்குங்கள். பாட்டு நின்ற பிறகும் எக்கோ மெதுவாக மறைகிறதா, அல்லது கத்தரித்தது போல் நின்று விடுகிறதா? மறைந்தால்தான் ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு அழகாகப் போக முடியும்.

அடுத்து மைக். நம் ஊர் நிகழ்ச்சியில் பாட்டுக்குச் சமமாக மைக்குக்கும் வேலை உண்டு. "மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வரவும்" என்று அறிவிக்கும்போது பாட்டு தானாகத் தணிய வேண்டும். இதற்கு டாக் ஓவர் என்று பெயர். எவ்வளவு தணிய வேண்டும் என்று மாற்ற முடிகிறதா பாருங்கள். மைக்குக்குத் தனி டோன் கன்ட்ரோல் இருக்கிறதா, மைக்கில் எஃபெக்ட் போட முடிகிறதா என்பதையும் கேளுங்கள். எக்கோ இல்லாத மைக்கை நம் பாடகர்கள் ஏற்றுக்கொள்வதில்லை!

கம்ப்யூட்டர் இணைப்பு

யு.எஸ்.பி. துளை இருந்தால் மட்டும் போதாது. உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய மிக்ஸரை விண்டோஸ் 11 லேப்டாப்பில் இணைக்கப் போகிறவர்கள் இதை முதலில் உறுதி செய்யுங்கள். பஃபர் அளவும் முக்கியம். 44,100 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் வைத்தால் 23 மில்லி செகண்ட் தாமதம், 256 வைத்தால் சுமார் 6. ரொம்பக் குறைத்தால் வேகம் குறைந்த கம்ப்யூட்டரில் சத்தம் டப் டப் என்று வெட்டும்.

லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் "ம்ம்" என்ற ஹம் வருகிறதா? சார்ஜரைக் கழற்றினால் நின்றால், அது கிரவுண்ட் லூப். இதற்காக பிளக்கில் எர்த் பின்னை ஒடித்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். ஈரத் தரையில், ஜெனரேட்டர் கரண்டில், மைக்கைப் பிடித்திருப்பவரின் உயிருக்கே ஆபத்து. ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் தனியே கிடைக்கிறது, அதைப் போடுங்கள். மேடையிலிருந்து ஆம்ப்ளிஃபயர் தூரத்தில் இருந்தால் எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்டு அவுட்புட் உள்ள மிக்ஸராக வாங்குங்கள். ஆர்சிஏ கேபிளை நீளமாக இழுத்தால் இரைச்சல் நிச்சயம்.

செலவில்லாமல் ஒரு மாதம்

மிக்ஸ் (மூன்று எக்ஸ் போட்டு எழுதும் இந்தப் பெயரைத் தேடும்போது கவனியுங்கள்) என்பது இலவச ஓப்பன் சோர்ஸ் டிஜே சாஃப்ட்வேர். எக்கோ, ரிவர்ப், ஃபிளாஞ்சர், ஃபில்டர் எல்லாம் அதிலேயே உண்டு. ஆப்ஷன்ஸ் மெனுவில் பிரிஃபரன்ஸஸ், அதில் சவுண்ட் ஹார்டுவேர் பகுதிக்குப் போய் மெயின் அவுட்புட்டையும் ஹெட்ஃபோன் அவுட்புட்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பில் ஒரே சவுண்ட் கார்டு என்றால் குறைந்த விலை யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்றைச் சேர்த்துக் கொள்ளலாம். ஒரு மாதம் இதில் பழகினால் உங்களுக்கு எந்த எஃபெக்ட் தேவை, எது தேவையில்லை என்று கையே சொல்லிவிடும்.

பிறகு கடைக்குப் போகலாம். மாரண்டஹள்ளியிலிருந்து ஓசூர் வழியாக ரயிலிலேயே பெங்களூரு போய்விடலாம். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் பெயர் பெற்ற இடம். சென்னை போகிறவர்களுக்கு ரிச்சி தெரு. எங்கே வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில்லும், சீரியல் நம்பர் எழுதிய இந்திய வாரண்டி கார்டும் வாங்குங்கள். "வெளிநாட்டு பீஸ், விலை குறைவு" என்றால் சர்வீஸ் எங்கே என்று கேளுங்கள். அதிகம் தேய்வது ஃபேடர்கள்தான். அந்த மாடலுக்கு ஃபேடர் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று பில் போடும் முன்பே விசாரித்து விடுங்கள்.