சேவைத் தொழிலில் முன்மொழிவு தயாரித்தல்: செயற்கை நுண்ணறிவை எந்த இடத்தில் அமர்த்துவது?

சேவைத் தொழில் நடத்துவோருக்கு முன்மொழிவு எழுதுவது ஓயாத வேலை. துப்புரவுப் பராமரிப்பு, பாதுகாவலர் பணி, குளிர்சாதனப் பராமரிப்பு, கணக்கெழுதித் தருதல் என எத்தொழிலாயினும், ஒருவர் விசாரித்தவுடன் என்ன செய்வோம், எத்தனை ஆட்கள், என்ன விலை, எப்போது பணம் என்பதை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். இரண்டு நாள் பிடித்த இவ்வேலையைச் சாட்ஜிபிடி, ஜெமினி, கோபைலட் முதலிய கருவிகள் இன்று சில நிமிடங்களில் முடித்துத் தருகின்றன. சிலர் ஒரு படி மேலே சென்று, விசாரணை மின்னஞ்சல் வந்ததும் முன்மொழிவு தானாக உருவாகி, தானாகவே அனுப்பப்படும்படி அமைத்துக்கொள்கின்றனர். உருவாகும் வரை நமக்கு மறுப்பில்லை. தானாக அனுப்பப்படுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முன்மொழிவு என்பது விளம்பரத் தாள் அன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவரது முன்மொழிவை மற்றவர் ஏற்றுக்கொண்டால் அது வாக்குறுதியாகிறது; அதிலிருந்தே ஒப்பந்தம் பிறக்கிறது. மின்னஞ்சலில் ஏற்றுக்கொண்டார் என்ற காரணத்தால் மட்டும் அது செல்லாததாகிவிடாது. அந்த வரியைக் கருவிதான் எழுதியது என்று பின்னர் சொல்வதால் பயனில்லை, அனுப்பியவர் நாமே.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாக்பூரில் அறுபது பேரை வைத்துத் துப்புரவுப் பராமரிப்பு செய்யும் நிறுவனம் ஒன்று, ஒரு மருத்துவமனைக்கு 20 பணியாளர்களை அமர்த்த முன்மொழிவு தருவதாகக் கொள்வோம். அப்பணிக்குரிய குறைந்தபட்ச மாத ஊதியம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு நிர்வாகச் செலவும் காப்பீடும் சேர்த்து முதலாளியின் பங்கு 13 சதவீதம், அதாவது 1,820 ரூபாய். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், 1,166 ரூபாய். விடுப்புச் சம்பளம், பணிக்கொடை, சீருடை ஆகியவற்றை எளிமைக்காக ஒதுக்கி வைத்தாலும், ஓர் ஆளின் அடக்கவிலை 17,441 ரூபாய். இதன்மேல் 8 சதவீதச் சேவைக் கட்டணம் 1,395 ரூபாய். ஆக 18,836 ரூபாய். சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதம் தனி.

இப்போது கருவி எழுதிய வரைவில் போனஸ் விடுபட்டுவிட்டது என்று கொள்க. அடக்கவிலை 16,275, சேவைக் கட்டணம் 1,302 என்று அட்டவணை அழகாக வந்திருக்கும். கூட்டலும் சரியாகவே இருக்கும். ஆனால் ஆண்டு முடிவில் போனஸைக் கொடுத்தே ஆக வேண்டும். அந்த 1,166 ரூபாயைக் கழித்தால் ஓர் ஆளுக்கு மாதம் மிஞ்சுவது 136 ரூபாய். இருபது பேருக்கும் சேர்த்து 2,720 ரூபாய். மேற்பார்வையாளரின் வண்டிக்குப் பெட்ரோல் போடக்கூட அது போதாது.

கருவி ஏன் இவ்வாறு விடுகிறது? அடிப்படையில் அது, கற்ற கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டு அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கும் இயந்திரம். நம் தொழிலில் எந்தச் செலவு கட்டாயம் என்பதை நாம் சொல்லாவிட்டால், பொதுவாக எழுதப்படுவதை எழுதும். விலைகளும் பழையனவாக இருக்கலாம். மத்திய அரசின் வரம்புக்குட்பட்ட பணிகளில் ஊதியத்துடன் சேரும் அகவிலைப்படி ஏப்ரல் 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது. மாநில அரசுகளின் திருத்தங்கள் வேறு. கருவியின் நினைவில் இருப்பது எந்த ஆண்டின் விகிதம் என்பது நமக்குத் தெரிய வழியில்லை.

எண்களைப் போலவே சொற்களுக்கும் விலை உண்டு. “24 மணி நேரத் தடையற்ற சேவை” என்று கருவி தாராளமாக எழுதிவிடும். ஓரிடத்தில் இரவு பகலாக ஒருவர் நிற்க வேண்டுமெனில், எட்டு மணி நேரப் பணிமுறைகள் வாரத்துக்கு 21 தேவை. ஒருவர் வார விடுமுறை போக ஆறு முறை வருவார். ஆக ஓர் இடத்துக்கு மூன்றரைப் பேர் வேண்டும். மூன்று பேருக்கு விலை கூறிவிட்டு இச்சொற்றொடரை அனுப்பினால், அந்த அரை ஆளின் சம்பளம் நம் பையிலிருந்தே போகும். “முழு மனநிறைவுக்கு உத்தரவாதம்” என்பதும் அப்படியே. பட்டியல் தொகையை நிறுத்தி வைக்க நினைப்பவருக்கு அது போதுமான காரணம். (எங்கள் மேசைக்கு வரும் திட்ட அறிக்கைகளிலும் இவ்வகைச் சொற்கள் பெருகி வருகின்றன. கடன் அலுவலர்கள் அவற்றைத் தாண்டி நேரே கணக்குப் பக்கத்துக்குச் சென்றுவிடுகிறோம் என்பதை இங்கே சொல்லி வைக்கலாம்.)

ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுப்பதே முறை. விலை முழுவதும் எக்செல் கணக்குத் தாளில் இருக்கட்டும்: ஊதியம், சட்டப்படியான ஒவ்வொரு செலவு, சேவைக் கட்டணம், வரி ஆகியவற்றுக்குத் தனித்தனி வரிகள், ஒவ்வொரு விகிதத்துக்கும் எதிரே அதைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி. பணி விவரம், கால அட்டவணை, நிறுவன அறிமுகம் ஆகியவற்றை எழுதுவது கருவியின் பொறுப்பு. அதற்குத் தரும் கட்டளை இவ்வாறு அமையலாம்: “கீழுள்ள விசாரணைக் குறிப்பைக் கொண்டு பணி விவரத்தை மட்டும் எழுதுக. குறிப்பில் இல்லாத எப்பணியையும் சேர்க்காதே. விலை, ஆள் எண்ணிக்கை, சதவீதம் எதையும் எழுதாதே. அவ்விடங்களில் வெற்றுக் கட்டம் விடுக. உத்தரவாதச் சொற்கள் வேண்டா. தெளிவில்லாதவற்றை என்னிடம் கேள்வியாகக் கேள்.” இறுதியில் வரும் கேள்விகளே பெரும்பாலும் மிகப் பயனுள்ள பகுதி. கழிவறைகள் எத்தனை, உயிரியல் மருத்துவக் கழிவை யார் அகற்றுவது, துப்புரவுப் பொருள்கள் யார் செலவு என்பனவற்றை விலை கூறுமுன் கேட்டுவிட்டால் பின்னாளில் தகராறு குறையும்.

வெற்றுக் கட்டங்களைக் கணக்குத் தாளிலிருந்து நிரப்புவதையும் தானியங்கியாக்கலாம். வேர்டு செயலியில் உள்ள மெயில் மெர்ஜ் வசதியே அதற்குப் போதும். ஆனால் முடிந்த கோப்பு வரைவுப் பெட்டியில் நிற்கட்டும். விலை தெரிந்த ஒருவர் படித்த பின்னரே அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும். பணியாளர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், பிற நிறுவனங்களோடு நாம் பேசிய விலை ஆகியவற்றை இக்கருவிகளில் ஏற்ற வேண்டா. தனிநபர் தரவுகளைக் காப்பதற்கென்றே 2023ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

கருவி ஏனோதானோவென்று எழுதிவிடும் மற்றொரு பகுதி, பணம் பெறும் காலம். வேலை தருபவர் 60 நாளில் பணம் தருவார் என்று எழுதியதாகக் கொள்வோம். ஏப்ரல் மாதப் பணிக்கு ஏப்ரல் 30இல் பட்டியல் தந்தால் பணம் ஜூன் இறுதியில் வரும். அதற்குள் இரண்டு மாத ஊதியமும் வைப்பு நிதி, காப்பீட்டுப் பங்குகளுமாக 6,51,000 ரூபாய் கட்டியிருப்போம். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவராயின், மே 20, ஜூன் 20 ஆகிய தேதிகளுக்குள் சேவை வரியாக ஏறத்தாழ 1,35,600 ரூபாய் போயிருக்கும். ஆட்கள் சார்ந்த தொழிலில் உள்ளீட்டு வரிக் கழிவு சொற்பமே. முதல் ரூபாய் கைக்கு வருமுன் 7,86,000 ரூபாய்க்கு மேல் நாம் போட்டிருக்க வேண்டும். அதில் கடன் பணம் இருந்தால் வட்டியும் சேரும். மேற்சொன்ன அடக்கவிலையில் அந்த வட்டி இல்லை.

குறு, சிறு தொழில்களுக்கு 2006ஆம் ஆண்டின் சட்டம் இங்கே துணை நிற்கிறது. எழுத்தில் உடன்பாடு இருந்தாலும் பணம் தரும் காலம் 45 நாளைத் தாண்டக் கூடாது. உடன்பாடே இல்லையெனில் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக. எனவே முன்மொழிவின் முதற்பக்கத்திலேயே உத்யம் பதிவு எண்ணும், 30 நாள் அல்லது 45 நாள் என்ற தெளிவான வரியும் இருக்கட்டும். முன்மொழிவு எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் எழுதுக. குறித்த காலத்துக்குள் ஏற்கப்படாவிட்டால் அது தானே காலாவதியாகும், ஊதிய விகிதம் உயர்ந்த பிறகு பழைய விலைக்கு யாரும் நம்மைப் பிடிக்க இயலாது.

பணி ஆணை கிடைத்து நடைமுறை மூலதனக் கடனுக்காகக் கிளைக்கு வரும்போது, ஆணையுடன் அந்தக் கணக்குத் தாளின் படியையும் கொண்டு வாருங்கள். ஊதிய தேதி, வரி தேதி, பணம் வரும் தேதி மூன்றும் ஒரே தாளில் இருந்தால், எவ்வளவு கடன், எத்தனை நாளுக்கு என்பதை அங்கேயே உட்கார்ந்து பேசிவிடலாம்.