மோதிரப் பொன்னின் பிறப்பிடம்: மைசூருவில் திருமண மோதிரம் தேர்வோருக்கு ஒரு வழிகாட்டி

நிச்சயதார்த்தத்திலும் திருமணத்திலும் மாற்றிக்கொள்ளப்படும் மோதிரத்தை அறவழியில் வந்தது என்று சொல்ல வேண்டுமானால், அதன் பொன்னும் கல்லும் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டபோதும் பட்டறையில் உருப்பெற்றபோதும் தொழிலாளியின் உடலுக்கும் கூலிக்கும் கேடு நேர்ந்திருக்கக் கூடாது. நீரும் நிலமும் நஞ்சாகியிருக்கக் கூடாது. விற்ற பணம் ஆயுதக் குழுக்களின் கைக்குப் போயிருக்கக் கூடாது. மைசூருவின் அசோகா சாலையிலும் தேவராஜ அரசு சாலையிலும் உள்ள நகைக்கடைகளுக்குச் செல்வோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, கடைக்காரர் காட்டும் ஹால்மார்க் முத்திரை பொன்னின் மாற்றை, அதாவது தூய்மை அளவை மட்டுமே சொல்கிறது என்பதாகும். அப்பொன் எந்தச் சுரங்கத்தில் எடுக்கப்பட்டது என்பதை அறிவிக்க இந்தியாவில் சட்டப்படியான முத்திரை எதுவும் இல்லாததால், அதைத் தேடி அறியும் வேலை வாங்குவோர் தலையிலேயே விழுகிறது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்போருக்கு விடை தொலைவில் இல்லை. பழைய மைசூரு அரசின் எல்லைக்குள் இருந்த கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் தொடங்கிய சுரங்கத் தொழில் 2001 பிப்ரவரி 28 வரை நடந்தது. வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்தவர்களே, அவர்களுள்ளும் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறை உடைத்தனர். சிவனசமுத்திரத்தின் நீர்மின்சாரம் 1902இல் அச்சுரங்கத்துக்கு வந்து சேர்ந்ததை வரலாற்று நூல்கள் பெருமையுடன் பதிவுசெய்கின்றன. பாறை வெடிப்பில் மாண்டவர்களும், கல்தூசு நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் சிலிக்கோசிஸ் நோயால் மாண்டவர்களும் அந்தப் பக்கங்களில் இடம்பெறுவது அரிது. பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய சயனைடு மண் இன்றும் குன்றுகளாக ஊரை ஒட்டி நிற்கிறது. காற்று வீசும்போது அதன் தூள் வீடுகளுக்குள் படிகிறது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சிறு அளவில் பொன் எடுப்போர் பாதரசத்தைக் கலந்து பொன்னைத் திரட்டிப் பின் நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குகின்றனர். 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை அவ்வழக்கத்தைக் குறைக்கக் கோருகிறது; ஆயினும் அவ்வழக்கம் இன்னும் நின்றபாடில்லை.

ஆகவே முதற்படி, புதிய பொன் தேவைதானா என்று முடிவுசெய்வதாகும். கர்நாடகத்தின் ராய்ச்சூர் மாவட்டத்தில் அரசு நிறுவனம் நடத்தும் ஹட்டி சுரங்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 டன் பொன் எடுக்கிறது. நாடு இறக்குமதி செய்வதோ பல நூறு டன். கடையில் வாங்கும் மோதிரம் உள்ளூர்ப் பொன்னாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது இதனால் விளங்கும். வீட்டில் அணியாமல் கிடக்கும் அறுந்த சங்கிலியையோ ஒற்றைக் கம்மலையோ உருக்கி மோதிரமாக்குவதே பெரும்பாலான குடும்பங்களுக்குக் கைக்கெட்டிய, ஐயத்துக்கு இடம் குறைந்த வழியாகும். அப்பழைய பொன்னின் பிறப்பும் குற்றமற்றது என்று சொல்வதற்கில்லை. அது கோலாரிலிருந்தே வந்திருக்கலாம். ஆயினும் அதை உருக்குவதால் புதிதாக ஒரு குழி வெட்டப்படுவதில்லை. கடைகள் தாமே ‘மறுசுழற்சிப் பொன்’ என்று கூறி விற்பது வேறு. புதிதாக எடுத்த பொன்னையே ஒருமுறை உருக்கி அப்பெயரில் அனுப்பும் வழக்கம் உலகச் சந்தையில் இருப்பதால், அச்சொல்லை மட்டும் நம்புவது போதாது.

உருக்கக் கொடுக்கும்போது, நகையிலுள்ள கல், நூல், அரக்கு ஆகியவற்றை நீக்கி எடைபோட்டு, கேரட் மீட்டர் எனப்படும் ஊடுகதிர்க் கருவியில் மாற்றுப் பார்த்து, அவ்விரண்டையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னர் ஆசாரி மூசையில் வெண்காரம் தூவி உருக்குவதை உடனிருந்து பார்ப்பதும், கட்டியானபின் மீண்டும் எடைபோடுவதும் தவறல்ல. நல்ல பட்டறைகள் இதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு சவரன், அதாவது 8 கிராம் எடையுள்ள பழைய சங்கிலி 88 விழுக்காடு மாற்று உடையதாக இருந்தால், அதில் சுத்தப் பொன் 7.04 கிராம், அதைக் கொண்டு ஆயிரத்துக்கு 916 பங்கு பொன் உள்ள 22 கேரட் உலோகம் ஏறத்தாழ 7.7 கிராம் ஆக்கலாம். இணை மோதிரங்கள் இரண்டுக்கு அது போதும். அரத்தால் ராவும்போது உதிரும் தூளைப் பட்டறை திரும்பச் சேர்த்துக்கொள்வதால், ‘சேதாரம்’ என்று கழிக்கப்படும் அளவைப் பேசிக் குறைக்க இடமுண்டு; தரையைப் பெருக்கிய குப்பைக்கும் விலை உள்ள தொழில் இது.

பட்டறையின் நிலையைக் கேட்பது இரண்டாம் படி. சுரங்கத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் பலர், மோதிரம் உருவாகும் அறையை மறந்துவிடுகின்றனர். ஒரு காலத்தில் உயர்ந்த தரத்தின் அடையாளமாக விளம்பரம் செய்யப்பட்ட ‘கே.டி.எம்.’ நகை இதற்குத் தக்க சான்று: பற்றவைக்கும் பொடியில் காட்மியம் என்ற உலோகத்தைக் கலந்ததால் நகையின் மாற்றுக் குறையாமல் வாங்குவோருக்கு நன்மை கிடைத்தது, காட்மியப் புகையைக் குனிந்தபடி மூச்சில் இழுத்த கைவினைஞரின் நுரையீரலும் சிறுநீரகமும் அதற்கு விலை கொடுத்தன. இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ். அதைத் தடைசெய்துவிட்டது. எனவே காட்மியம் கலவாத பற்று பயன்படுகிறதா, புகையை வெளியேற்றும் விசிறி உண்டா, கைவினைஞருக்குக் கூலி எவ்வாறு தரப்படுகிறது என்று கேட்கலாம். பழைய கே.டி.எம். நகையை உருக்கக் கொடுப்போர் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது ஆசாரிக்குச் செய்யும் உதவி. உருக்கும்போதும் அப்புகை எழும்.

புதிய பொன்னே வாங்குவதானால், 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாகியுள்ள ஆறு இலக்க எழுத்தெண் அடையாளமான எச்.யு.ஐ.டி. மோதிரத்தின் உட்புறம் பொறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அதை உள்ளிட்டு, காட்டப்படும் விவரம் கையிலுள்ள நகையோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்க வேண்டும். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு இக்கட்டாயம் இல்லை என்பதால், மெல்லிய மோதிரம் வாங்குவோர் முத்திரையைத் தாமே கேட்டுப் பெறுவது நல்லது. அடுத்து, கடை வாங்கும் பொன் கட்டிகள் எந்தச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வருகின்றன என்று கேட்க வேண்டும். லண்டன் பொன் சந்தைக் கூட்டமைப்பின் ஏற்புப் பெற்ற ஆலைகள் தம் மூலப்பொன்னின் வரலாற்றை ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்படுத்தக் கடமைப்பட்டவை. சிறு சுரங்கத் தொழிலாளருக்கு உரிய விலையும் கூடுதல் தொகையும் கிடைக்கச் செய்யும் ‘ஃபேர்டிரேட்’, ‘ஃபேர்மைன்ட்’ முத்திரைகள் இந்தியக் கடைகளில் காணக் கிடைப்பது அரிது.

கல்லைப் பொறுத்தவரை விற்பனைப் பேச்சு மிகுதி. வைரத்துக்குக் ‘கிம்பர்லி சான்று உண்டு’ என்பது அடிக்கடி சொல்லப்படும் உறுதிமொழி. 2003இல் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாடு, பட்டை தீட்டப்படாத வைரப் பொதிகளுக்கு மட்டும் உரியது; ஓர் அரசை எதிர்க்கும் கிளர்ச்சிக் குழுக்களுக்குப் பணம் போவதைத் தடுப்பதே அதன் வரையறை. அரசுப் படைகளின் வன்முறையோ, குழந்தை உழைப்போ, தீட்டும் கூடத்தின் கூலியோ அதில் அடங்குவதில்லை. அதன் உருவாக்கத்தில் பங்குகொண்ட ‘குளோபல் விட்னஸ்’ அமைப்பே 2011இல் அதிலிருந்து விலகியது. ஆகவே எந்த நாட்டில் எடுத்தது, எங்கே தீட்டியது என்ற இரு கேள்விகளையும் தனித்தனியே கேட்க வேண்டும்; இரண்டாவதற்கு ‘சூரத்’ என்ற விடை எளிதில் வரும், முதலாவதற்கு வருவதில்லை.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வேதியியல் அமைப்பில் சுரங்க வைரத்தோடு ஒன்றே. அதை உருவாக்க மின்சாரம் மிகுதியாகச் செலவாவதால், நிலக்கரி மின்சாரமா, காற்றாலை, சூரிய மின்சாரமா என்று கேட்பது பொருத்தம். மறுவிற்பனையில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. மோதிரத்தைச் சேமிப்பாகக் கருதாதவருக்கு அது தடையன்று. இயற்கைக் கல்லே வேண்டுவோர் இலங்கையின் இரத்தினபுரி நீலக்கல்லைக் கருதலாம்: அங்கே தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் உரிமம் பெற்றே குழி தோண்ட வேண்டும், தோண்டிய குழியை மூடுவதற்கு வைப்புத்தொகை கட்ட வேண்டும், குழியில் இறங்குவோருக்கு விளைச்சலில் பங்கு தரும் மரபும் உண்டு. மியான்மர் மாணிக்கத்தை, அந்நாட்டு இராணுவத்துக்குச் சுரங்கங்களின் மீதுள்ள பிடியைக் கருதித் தவிர்ப்பது நேர்மை. கல்லே இல்லாத வெற்று மோதிரத்துக்கு இக்கேள்விகள் எவையும் எழுவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளலாம்.

இறுதியாக ரசீது. அதில் பொன்னின் நிகர எடை, கல்லின் எடை, செய்கூலி, சேதாரம், எச்.யு.ஐ.டி. எண் ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும். சுத்திகரிப்பு ஆலை, கல் எடுக்கப்பட்ட நாடு, ஆய்வக வைரமாயின் கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்த எண் ஆகியவற்றையும் கடை கூறியபடியே எழுதித் தரக் கேட்க வேண்டும். ஹால்மார்க் நகையில் மாற்றுக் குறைந்திருப்பது பின்னர்த் தெரியவந்தால், 2018ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். விதிகளின்படி அவ்வேறுபாட்டுத் தொகையின் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் பெற உரிமை உண்டு. பிறப்பிடம் பற்றிய பொய்க்கு அத்தகைய தனி விதி இல்லாததால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் காட்டுவதற்குக் கையில் இருப்பது ரசீதில் எழுதப்பட்ட அந்த வரி மட்டுமே. அதை எழுதித் தரத் தயங்கும் கடையில் முன்பணம் கட்டாமல் அடுத்த கடையில் விசாரிப்பது நல்லது.