எழுதி வைக்காத அறிவு

எங்கள் மூத்தப்பா நற்பிட்டிமுனையிலிருந்து மருதமுனைக்குச் சென்று, கைத்தறி நிலையமொன்றில் நூலுக்குச் சாயம் போட்டவர். எந்தச் சாயம் எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். அவர் மௌத்தான பின்னர் அதே கருநீலத்தை அங்கு எவராலும் எடுக்க முடியவில்லை. சாயம் இருந்தது, தறி இருந்தது, அறிவு மட்டும் போய்விட்டது.

ஒரு நிறுவனத்தில் உள்ளவர்களின் அறிவைத் திரட்டி, பகிர்ந்து, பயன்படுத்துவதே அறிவு முகாமைத்துவம். இதில் ஒரு நிறுவனம் எவ்வளவு முதிர்ச்சி அடைந்துள்ளது என்பதை அளக்க, இலங்கையும் அங்கம் வகிக்கும் ஆசிய உற்பத்தித்திறன் அமைப்பு ஒரு வினாக்கொத்தைத் தந்துள்ளது. தலைமைத்துவம், செயன்முறை, மனிதர்கள், தொழினுட்பம், அறிவுச் செயன்முறைகள், கற்றலும் புத்தாக்கமும், பெறுபேறுகள் என அதில் ஏழு பிரிவுகள். பிரிவுக்கு 6 வினாக்கள், வினாவுக்கு 1 முதல் 5 வரை புள்ளிகள். மொத்தம் 42 வினாக்கள், உயர்ந்தபட்சம் 210 புள்ளிகள். கூட்டுத்தொகைக்கேற்ப நிறுவனம் ஐந்து படிகளில் ஒன்றைப் பெறும். 126 முதல் 146 வரை மூன்றாம் படி.

ஆனால் கூட்டுத்தொகை சில வேளை உண்மையை மறைத்துவிடும். ஒரு நிறுவனம் தொழினுட்பத்துக்கு 30, மனிதர்களுக்கு 12, அறிவுச் செயன்முறைகளுக்கு 10, ஏனைய நான்குக்கும் 20 வீதம் பெற்றதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 132, அதாவது மூன்றாம் படி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனினும் அங்கே கணினிகள் நிறைந்திருக்க, அறிவு இன்னும் ஆட்களின் தலையிலேயே இருக்கிறது.

இங்குதான் நிபுணத்துவ முறைமை உதவுகிறது. இதில் இரண்டு முக்கிய பகுதிகள் உண்டு. நிபுணரின் அறிவை "இப்படியானால் இப்படி" என்ற விதிகளாகக் கொண்டிருப்பது அறிவுத்தளம். அவ்விதிகளை நம் விடைகளோடு பொருத்தி முடிவுக்கு வருவது உய்த்தறி பொறி. 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான மைசின், ஏறத்தாழ 600 விதிகளைக் கொண்டு இரத்தத்தில் தொற்றிய பற்றீரியாக்களை இனங்கண்டு மருந்து பரிந்துரைத்தது. ஏன் அந்த முடிவுக்கு வந்தது என்றும் விளக்கியது.

நமது உதாரணத்துக்கு ஒரு விதி எழுதலாம்: "தொழினுட்பம் 24இற்கு மேல், அறிவுச் செயன்முறைகள் 15இற்குக் கீழ் எனின், புதிய கணினி வாங்க வேண்டாம், ஓய்வுபெறப் போகிறவர்களிடமிருந்து முதலில் கேட்டுப் பதியுங்கள்." வெறும் கூட்டல் இந்த ஆலோசனையைத் தராது.

குறையும் உண்டு. மேலதிகாரி எல்லாவற்றுக்கும் 5 போட்டால், முறைமையும் நிறுவனத்தை ஐந்தாம் படியில் ஏற்றிவிடும். உண்மையான விடையை மனிதர்தான் தர வேண்டும்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282), கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. பணத்துக்கே அப்படியென்றால் அறிவுக்கு? வாசிக்கும் தோழிகளே, இன்றே உங்கள் மூத்தம்மாவின் பக்கத்தில் ஒரு கொப்பியுடன் உட்காருங்கள். நான் என் மூத்தப்பாவிடம் உட்காரவில்லை.