யோகமும் விடுமுறையும்: மலைநாட்டுச் சைவாசிரியர்க்கு ஒரு பாடம்

ஊவா மாகாணத்து மலைச்சாரல்களிலே, எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய ஊர்ப்புறங்களில், இக்காலத்து ஒருவகை விடுமுறை வழக்கில் வந்துள்ளது. பிறநாட்டாரும் நகரத்தாரும் பொருள் கொடுத்துச் சிலநாள் தங்கி, வைகறையில் எழுந்து ஆசனம் பழகி, மரக்கறியுணவு உண்டு, கைத்தொலைபேசியை ஒதுக்கி, மௌனங் காத்து மீளுகின்றனர். இதனை 'யோகா ரிட்ரீட்' என விளம்பரஞ் செய்வர். தோட்டப் பாடசாலைகளிற் பயிலும் நம் பிள்ளைகள் இதனைத் தேயிலை நிரைகளினூடே நின்று காண்கின்றார்கள். கண்டவற்றைப் பற்றி ஆசிரியரை வினவுகின்றார்கள். அவ்வினாக்களுக்கு விடையிறுக்கும் முறையை ஆராய்தலே இப்பாடத்தின் நோக்கமாம்.

1. வழக்கின் வரலாறு

'ரிட்ரீட்' என்பது கிறிஸ்தவ திருச்சபையில் நெடுங்காலம் பயின்ற சொல். யாம் மிஷன் பாடசாலையிற் கற்ற காலத்தே, உலக அலுவலைச் சிலநாள் நிறுத்திச் செபத்திலும் மௌனத்திலும் ஒடுங்கியிருத்தலை அவர்கள் இப்பெயரால் வழங்கக் கேட்டுள்ளோம். 1548 இற் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற இஞ்ஞாசியாரது ஆன்மிகப் பயிற்சி நூல், ஏறத்தாழ 30 நாள் ஒடுக்கத்துக்கு ஒழுங்கு வகுத்தது. அப்புத்தளையில் 1931 இற் சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்னுந் துரை கட்டுவித்த அடிசம் மாளிகை, பின்னாளிற் பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாயிற்று. ஆதலின் ஒடுங்கியிருத்தற் பொருட்டு இம்மலைகளை நாடுதல் புதுமையன்று.

நம்மவர்க்கும் இது புதிதன்று. இதே ஊவா மாகாணத்தின் தென்கோடியிலுள்ள கதிர்காமத்துக்கு, வடக்கிலும் கிழக்கிலுமிருந்து அடியார்கள் குமண வனத்தினூடே பாதயாத்திரை செல்லும் வழக்கம் இன்றும் நிலவுகின்றது. வீட்டை விடுதல், எளிய உணவு உண்ணுதல், தரையிற் படுத்தல், நாவடக்கித் திருநாமம் ஓதுதல் என்னும் நான்கும் அதன்கண் உள்ளன.

யோகம் மேல்நாடு சென்ற வழியையும் ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். சுவாமி விவேகானந்தர் 1893 இற் சிக்காகோவிற் பேசினார். மீளுங்கால், 1897 சனவரியிற் கொழும்பில் இறங்கி, கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்குஞ் சென்றார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திற் பிறந்த சுவாமி சச்சிதானந்தர், 1949 இல் இருடிகேசத்திற் சிவானந்த சுவாமிகளிடந் துறவு பெற்று, 1953 இல் இலங்கைக்கு வந்து, கண்டியில் ஆச்சிரமம் அமைத்துத் தொண்டாற்றினார். அவர் 1966 இல் அமெரிக்கா சென்றார். 1969 இல் வூட்ஸ்ரொக் இசைவிழாவின் தொடக்கத்தில் உரையாற்றினார். இலங்கை மலைநாட்டில் வாழ்ந்த தமிழ்த் துறவி ஒருவர் மேல்நாட்டார்க்குக் கற்பித்த வித்தை, இன்று விடுமுறைக் கோலம் பூண்டு அதே மலைநாட்டுக்கு மீண்டுள்ளது என்று கூறினும் பொருந்தும். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சூன் 21 ஐ உலக யோக தினமாக 2014 இற் பிரகடனஞ் செய்தது. மறுவருடந் தொடக்கம் அது கொண்டாடப்பட்டு வருகின்றது.

2. யோகமாவது யாது

சைவ நன்னெறி சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு பாதங்களை உடையது. அவற்றுள் யோகம் சகமார்க்கம் எனப்படும். இறைவனைத் தோழமை முறையிற் சாரும் நெறி என்பது அதன் கருத்து. அதன் உறுப்புக்கள் இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என எட்டாம். ஆசனம் மூன்றாவது உறுப்பே. பதஞ்சலி முனிவரது யோகசூத்திரத்தில் ஏறத்தாழ 195 சூத்திரங்கள் உள. ஆசனத்தின் இலக்கணத்தையும் பயனையுங் கூறுவன அவற்றுள் மூன்றே.

பத்தாந் திருமுறையாகிய திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் இவ்வெட்டுறுப்புக்களையும் விரித்துரைக்கின்றது. அங்கே திருமூல நாயனார் இயமத்துள் வைத்தவற்றை ஆசிரியர் ஊன்றி நோக்குக. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை என்பவற்றோடு, உள்ளதைப் பகுத்துண்ணுதலும், கள்ளை விலக்குதலும் அங்கே கூறப்பட்டுள்ளன. ஆகவே, பகுத்துண்ணாதானும் கள்ளை விடாதானும் எத்துணை ஆசனங்கள் பழகினும், முதற்படியில் இன்னுங் கால் வைத்திலன் என்பது பெறப்படும்.

3. வினாவிடை

வினா: வெள்ளைக்காரர் நமது யோகத்தை எடுத்துக்கொண்டனரோ?

விடை: இல்லை. கொடுப்பாரிடங் குறையாத பொருள் கல்வி. நம் துறவிகளே மனமுவந்து கொடுத்தனர். எல்லவில் ஒருவர் உடம்பை நிமிர்த்தி மூச்சை அமைதிப்படுத்தி நலம் பெறுவாராயின் அதனை இகழற்க. மூன்றாமுறுப்பை முழுமையெனக் கொள்ளுதலே குறை. அக்குறை வாராந்தங் கோயிலுக்குச் சென்றும் பொய்யுரைக்கும் நம்மவரிடத்தும் வேறுருவில் உண்டு.

வினா: எங்கள் தாய் நாடோறும் அதே மலையிற் கூடை சுமந்து ஏறுகின்றாள். அதுவும் யோகமாகுமோ?

விடை: இவ்வினாவிடத்தே ஆசிரியர் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும். 'ஆம், உழைப்பே யோகம்' என்று இனிமையாகக் கூறி முடித்துவிடுதல் எளிது. ஆயின் அது பொய்யாம். நாட்கூலி 1,000 ரூபாவாக உயர்வதற்கு 2021 வரை காத்திருந்தவர்கள் தோட்டத் தொழிலாளர். 2016 இல் எடுத்த நாடளாவிய சுகாதார அளவையில், தோட்டப்பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் காணப்பட்டனர். நாடு முழுவதற்கும் அது ஏறத்தாழ 17. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்தோபர் 29 அன்று மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்பை மூடிற்று. விருந்தினர் அழகெனக் காணும் சரிவு, அதன்கீழ் வாழ்வோர்க்கு மழைக்கால அச்சமாகும். வறுமைக்கு யோகமெனப் பெயரிடுதல் ஆறுதலன்று. விரும்பி உண்ணாதிருத்தல் நோன்பு. இன்மையால் உண்ணாதிருத்தல் பசி. தாயின் உழைப்பு மதிக்கத்தக்கது; அதற்குத் தக்க கூலியும் ஓய்வும் உரியன என்று பிள்ளைக்குத் தெளிவாகக் கூறுக.

வினா: சைவாசிரியர் ஒருவர் விடுமுறையில் இத்தகைய இடஞ் சென்று தங்கலாமோ?

விடை: தங்கலாம். களைத்த உடம்புக்கு ஓய்வு வேண்டும். உடம்பு இறைவன் உறையுங் கோயிலாதலின் அதனைப் பேணுதல் கடன். ஆயின் மூன்றனை ஆராய்ந்து செல்க. அதன் பொருட்டுக் கடன்படுதல் கூடாது. ஆண்டுச் சமைப்போரும் துப்புரவு செய்வோரும் நம் மாணாக்கரின் பெற்றோராயிருத்தல் கூடும். அவர்களோடு மரியாதையாக ஒழுகுதல் வேண்டும். மீண்டபின் வீட்டிலும் வகுப்பிலும் தம் சினம் ஓரளவேனுந் தணிந்ததோ என நோக்குதல் வேண்டும். தணிந்திலதாயின் அங்கே பெற்றது காற்றுமாற்றமேயன்றி யோகமன்று.

4. வகுப்பிற் செய்யத்தக்கன

காலைப் பிரார்த்தனையின் முன் ஐந்து நிமிடம் பிள்ளைகளை முதுகு நிமிர்த்தி இருத்தி, இயல்பாக மூச்சு விட்டு வாங்கச் செய்க. மூச்சை அடக்குங் கும்பகம் குருமுகமாகப் பயிலற்பாலது. சிறாரை அதிற் புகுத்தற்க. உண்டவுடன் ஆசனம் பழக்கற்க. காலையில் உண்ணாது வந்த பிள்ளையை முதலில் அறிந்து, உணவுக்கு வழிசெய்தபின் ஏனையவற்றைத் தொடங்குக.

அதன்பின் ஒரு தேவாரம் ஓதுவிக்க. பின்பு ஒருகணம் வாய் மூடியிருக்கச் செய்க. தோட்டத்து லயங்களில் இரைச்சலோடு வாழும் பிள்ளைக்கு அக்கணமே பெரும்பேறாகலாம்.

மதிய வேளையிற் சோற்றுப் பொதி கொண்டுவந்தோரும் கொண்டுவராதோரும் வட்டமாக அமர்ந்து பகுத்துண்ணச் செய்க. இது திருமூலர் வகுத்த இயமம் என்பதை அப்போதே எடுத்துரைக்க. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கள்ளுஞ் சாராயமும் லயங்களிற் செய்யுங் கேட்டினை மறையாது கூறி, விலக்குதலும் யோகத்தின் பகுதியே எனத் தெருட்டுக.

இங்ஙனஞ் செய்யின், மலைமீதுள்ள விடுதியிற் பொருள் கொடுத்துப் பெறுவதெனப் பிள்ளைகள் எண்ணிய யோகம், தம் வகுப்பறைத் தரையிலும் தொடங்கற்பாலது என்பதை உணர்வார்கள். விருந்தினரைப் பொறாமையோடும் நோக்கார். தம்மைத் தாழ்வாகவும் எண்ணார். இவ்விரண்டும் நீங்கிய பிள்ளையே நாம் வளர்க்க விரும்புஞ் சைவப் பிள்ளை.

திருச்சிற்றம்பலம்.