கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது எஞ்சின் ஏன் உறுமுகிறது?

ஹைபிரிட் கார் வைத்திருக்கும் வீடுகளில் ஒரு சந்தேகம் அடிக்கடி எழும். கெந்திங் மலையிலிருந்து கார் இறங்கிக்கொண்டிருக்கிறது. எக்சலரேட்டரில் கால் இல்லை. முதல் சில நிமிடங்கள் கார் சத்தமே இல்லாமல் நழுவுகிறது. திரையில் பேட்டரிப் படம் கட்டம் கட்டமாக நிரம்புகிறது. பிறகு ஏதோ ஒரு வளைவில் எஞ்சின் தானாக விழித்துக்கொண்டு உறுமத் தொடங்குகிறது. இறக்கத்தில் எஞ்சினுக்கு என்ன வேலை? பெட்ரோல் வீணாகிறதா? கார் பழுதாகிவிட்டதா?

கார் பழுதாகவில்லை. அந்த உறுமலுக்கு ஒரு துளி பெட்ரோலும் எரியவில்லை. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, படிவம் 3 அறிவியலில் படித்த நிலைச் சக்தியும் இயக்கச் சக்தியும் போதும். கையில் ஒரு கணக்குப்பொறியை எடுத்துக்கொள்ளுங்கள், மாணவர்களே.

முதலில் ஓர் அடிப்படை. வெளியிலிருந்து மின்னேற்றம் செய்யாத சாதாரண ஹைபிரிட் காரில் மின்மோட்டார் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது. ஆனால் அந்தப் பேட்டரியில் இருக்கும் மின்சாரம் அத்தனையும் பெட்ரோலிலிருந்து வந்ததுதான். எண்ணெய் நிலையத்தில் நிரப்புவதைத் தவிர அந்தக் காருக்கு வேறு வருமானம் கிடையாது. பிறகு எப்படி அது மற்றக் கார்களைவிடக் குறைவாகக் குடிக்கிறது? மற்றக் கார்கள் வழியில் கொட்டிவிட்டுப் போவதில் ஒரு பகுதியை இது பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் அதன் இரகசியம்.

எவ்வளவு கொட்டுகிறது என்று பார்ப்போம். 1,400 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது விநாடிக்கு 16.7 மீட்டர். இயக்கச் சக்தி என்பது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. விடை ஏறக்குறைய 194,000 ஜூல், அதாவது 194 கிலோஜூல். சமிக்ஞை விளக்கு சிவப்பாகிறது. சாதாரணக் காரின் ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார். பிரேக் கட்டை சுழலும் தட்டைப் பிடித்து உரசுகிறது. அந்த 194 கிலோஜூலில் பெரும்பகுதி வெப்பமாகிக் காற்றில் போய்விடுகிறது.

இந்த வெப்பம் எவ்வளவு? ஒரு லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொதிக்க வைக்க 294 கிலோஜூல் வேண்டும். ஆக, 194 கிலோஜூலில் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். மூன்று கோப்பைத் தேநீர்! கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை நெரிசலில் நிற்கும் அத்தனை கார்களும், ஒவ்வொரு முறை வேகமெடுத்து நிற்கும்போதும், இப்படித் தேநீருக்கு வெந்நீர் போட்டு வடிகாலில் ஊற்றிக்கொண்டிருக்கின்றன.

ஹைபிரிட் கார் நிற்கும்போது மோட்டாரைத் தலைகீழாக வேலை செய்ய வைக்கிறது. மின்சாரம் கொடுத்தால் சுழல்வது மோட்டார். அதையே சக்கரம் சுழற்றினால் அது மின்னாக்கி. டைனமோ விளக்கு பொருத்திய பழைய சைக்கிளை மிதித்தவர்களுக்குத் தெரியும், விளக்கு எரியும்போது மிதிப்பது கனக்கும். அந்தக் கனம்தான் இங்கே பிரேக். கார் மெதுவாகிறது, பேட்டரி ஏறுகிறது.

ஆனால் 194 கிலோஜூலும் அப்படியே கைக்குத் திரும்பாது. மின்னாக்கியில் கொஞ்சம், பேட்டரிக்குள் போகும்போது கொஞ்சம், வெளியே வரும்போது கொஞ்சம், மீண்டும் மோட்டாரில் கொஞ்சம் இழப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் பத்தில் ஒரு பங்கு போகிறது என்று வைத்துக்கொண்டால், 0.9 என்ற எண்ணை நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். 0.66 வரும். மூன்று கோப்பைத் தேநீரில் இரண்டு மீள்கிறது. பரவாயில்லையே!

இங்கே ஓட்டுபவரின் காலுக்கும் பங்கு உண்டு. பேட்டரி மின்சாரத்தை வாங்கும் வேகத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. மூன்றாம் தலைமுறை பிரியஸ் போன்ற காரில் அது ஏறக்குறைய 25 கிலோவாட். விளக்கைத் தொலைவிலேயே பார்த்து, 10 விநாடி எடுத்து மெதுவாக நிறுத்தினால் 194-ஐ 10-ஆல் வகுத்து 19 கிலோவாட். பேட்டரி சமாளித்துவிடும். கடைசி நேரத்தில் 3 விநாடியில் நிறுத்தினால் 65 கிலோவாட். பேட்டரி திணறும், மீதியைச் சாதாரண பிரேக் உரசி வெப்பமாக்கும். ஒரே கார், ஒரே சாலை. ஆனால் அண்ணன் ஓட்டினால் ஒரு கணக்கு, அம்மா ஓட்டினால் வேறு கணக்கு. காரைக் குறை சொல்லும் முன் இதைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது பேட்டரியின் அளவுக்கு வருவோம். எல்லா வினோதங்களுக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. அந்த பிரியஸின் பேட்டரி 201.6 வோல்ட், 6.5 ஆம்பியர்-மணி. பெருக்கினால் சுமார் 1,310 வாட்-மணி, அதாவது 1.3 கிலோவாட்-மணி. இது பெரிதா, சிறிதா? உங்கள் கைப்பேசியின் பேட்டரி 19 வாட்-மணி அளவு. எழுபது கைப்பேசிகளைச் சேர்த்துக் கட்டினால் காரின் பேட்டரி. இன்னொரு விதமாகப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 33 மெகாஜூல் இரசாயனச் சக்தி இருக்கிறது. 1.3 கிலோவாட்-மணி என்பது 4.7 மெகாஜூல். நிறைந்த பேட்டரி முழுவதும் ஏறக்குறைய 140 மில்லிலிட்டர் பெட்ரோலுக்குச் சமம்! பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் விற்கும் பானப் பொட்டலத்தைவிடக் குறைவு.

அதையும் முழுதாகச் செலவழிக்கக் காரின் கணினி விடாது. அடிவரை காலி செய்வதும் விளிம்புவரை நிரப்புவதும் இவ்வகை நிக்கல் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். ஆகவே ஏறக்குறைய 40 முதல் 80 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொண்டே ஓட்டும். பெட்ரோல் தொட்டி வங்கிக் கணக்கு என்றால், இந்தப் பேட்டரி பாட்டியின் இடுப்பில் இருக்கும் சுருக்குப்பை. சில்லறை போட, சில்லறை எடுக்க. நெரிசலில் நிமிடத்துக்கு ஒரு முறை போட்டு எடுப்பதற்கு அந்தப் பை அருமையானது. மூட்டை மூட்டையாகக் காசு வந்தால்?

கெந்திங்கில் வருவது மூட்டைதான். குடும்பத்தோடு சேர்த்துக் காரின் எடை 1,600 கிலோகிராம் என்று வைப்போம். மேலிருந்து காராக் நெடுஞ்சாலைப் பக்கம் வருவதற்குள் 1,000 மீட்டர் உயரம் குறைகிறது என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். நிலைச் சக்தி: 1,600 × 9.8 × 1,000. கிட்டத்தட்ட 15.7 மெகாஜூல், அதாவது 4.4 கிலோவாட்-மணி. காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் இதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். அது போக மிச்சமும் சுருக்குப்பைக்கு மிக அதிகம். பாதி நிறைந்த பேட்டரியில் இன்னும் 0.4 கிலோவாட்-மணிக்குத்தான் இடம் இருக்கும். அது சில நிமிடங்களில் நிரம்பிவிடும். கீழே போகவேண்டிய தூரமோ இன்னும் பாக்கி.

நிரம்பிய பேட்டரிக்குள் மேலும் மின்சாரத்தைத் திணிக்க முடியாது. மின்சாரம் போக இடமில்லை என்றால் மின்னாக்கியால் காரை இழுத்துப் பிடிக்கவும் முடியாது. அப்போதுதான் கணினி ஒரு தந்திரம் செய்கிறது. சக்கரத்தில் பிறக்கும் மின்சாரத்தை இன்னொரு மோட்டாருக்கு அனுப்பி, அந்த மோட்டாரால் எஞ்சினைச் சுழற்றுகிறது. எஞ்சினுக்குப் பெட்ரோல் வரவில்லை. அது வெறுமனே காற்றை உறிஞ்சி, அழுத்தி, வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த வேலைக்குச் சக்தி வேண்டுமல்லவா? மலையின் நிலைச் சக்தி அங்கே போய்ச் செலவாகிறது. நீங்கள் கேட்ட உறுமல் அதுதான். சேமிக்க முடியாத காசை, விபத்து வராமல் இருப்பதற்காகக் கார் தெரிந்தே செலவழிக்கிறது.

டொயோட்டா ஹைபிரிட்களில் கியர் பிடிக்குப் பக்கத்தில் ‘பி’ என்ற எழுத்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பேட்டரியைக் குறிக்கிறது, அதில் போட்டு ஓட்டினால் அதிகம் மின்னேறும் என்று நினைத்து ஊருக்குள்ளும் அதிலேயே ஓட்டுபவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறானது. அந்த எழுத்து பிரேக்கைக் குறிக்கிறது. நான் சொன்ன எஞ்சின் சுழற்றும் வேலையை அது முன்கூட்டியே தொடங்கிவிடும். சமதரையில் அதில் ஓட்டினால் பேட்டரிக்குப் போகவேண்டிய சில்லறையும் எஞ்சின் காற்றில் கரையும். ஆனால் நீண்ட செங்குத்து இறக்கத்தில் அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பாரம் முழுவதும் சாதாரண பிரேக் மேல் விழும். மலைப்பாதை முழுக்க உரசிக்கொண்டே வந்த பிரேக் மிதமிஞ்சிச் சூடானால் பிடிக்கும் வலுவை இழக்கும். மிதியை அழுத்த அழுத்தக் கார் நிற்காமல் போவதைவிடப் பயங்கரம் வேறில்லை. அடுத்த முறை மலையிலிருந்து இறங்கும்போது அப்பா ‘பி’யில் போடுகிறாரா என்று பாருங்கள். போடவில்லை என்றால் மரியாதையாக நினைவூட்டுங்கள்.

சுருக்குப்பைக் கணக்கு வேறு சிலவற்றையும் விளக்கிவிடும். நெரிசலில் எஞ்சின் அணைந்திருக்கும்போதும் ஏர்கான் குளிர்ச்சி தருகிறது, ஏனென்றால் அதன் அமுக்கி மின்சாரத்தில் ஓடுகிறது. அது 1 கிலோவாட் இழுத்தால், கையிருப்பு 0.4 கிலோவாட்-மணி 24 நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஆகவே நின்ற இடத்திலேயே எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடிப் பேட்டரியை நிரப்பிவிட்டு அடங்கும். பெருநாளுக்குக் கம்பத்துக்குப் போகும்போது நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கணக்காக ஓடினால் சேமிப்பு சுருங்கும். அங்கே பிரேக் போடுவதே அரிது, திரும்பப் பெற ஒன்றுமில்லை. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்தில் வளர்வது. 60-இல் இருந்ததைவிட 110-இல் மூன்று மடங்குக்கு மேல். மற்றக் காரை அது அங்கேயும் வெல்வது பெரும்பாலும் அதன் எஞ்சினால். 1882-இல் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் வகுத்த சுழற்சி முறையைத் தழுவிய அந்த எஞ்சினில், எரிந்த வாயு விரிவடைய நீண்ட நேரம் கிடைக்கிறது. சிக்கனமானது, ஆனால் புறப்படும்போது வலுக் குறைந்தது. அந்தக் குறையை மோட்டார் ஈடுகட்டுகிறது.

பின்னிருக்கையில் உட்காரும் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பல ஹைபிரிட் கார்களில் பின்னிருக்கையின் ஓரத்தில் சல்லடை போன்ற ஒரு துவாரம் இருக்கும். இருக்கைக்குப் பின்னால் அல்லது அடியில் உள்ள பேட்டரி அதன் வழியாகத்தான் காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை உறிஞ்சுகிறது. பேட்டரிக்கு வெப்பம் எதிரி. நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பள்ளிப்பையையோ தலையணையையோ அந்தத் துவாரத்தின் மேல் சாய்த்து வைக்காதீர்கள். தூசியும் பூனை முடியும் அடைத்தால் துடைத்துவிடுங்கள்.

2011 முதல் 2013 வரை வரிவிலக்கு இருந்த காலத்தில் வந்த ஹைபிரிட் கார்கள் இன்று பழைய கார் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. வீட்டில் அப்படி ஒன்றை வாங்கப் பேச்சு நடந்தால் நீங்களும் ஒரு கேள்வி கேட்கலாம்: பேட்டரி எப்போது மாற்றப்பட்டது? பிரியஸ் பேட்டரியில் 168 சிறு மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. தொடர்ச்சுற்றில் ஒன்று நலிந்தால் மொத்தமும் தடுமாறும் என்பது நீங்கள் படித்ததுதான். நலிந்ததை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. அப்போதைக்குச் செலவு குறையும். ஆனால் அதனோடு பிறந்த மற்றவையும் அதே வயதுதான், அடுத்தது எப்போது என்பதுதான் கேள்வி. பெட்ரோலில் மிச்சம் பிடித்த ரிங்கிட்டையும் பேட்டரி மாற்றும் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

உங்களுக்கு ஒரு கணக்கு. அதே 1,600 கிலோகிராம் கார் கேமரன் மலையின் தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்குகிறது. உயர வேறுபாடு சுமார் 1,400 மீட்டர். எத்தனை கிலோவாட்-மணி நிலைச் சக்தி? அது 1.3 கிலோவாட்-மணிப் பேட்டரியைப் போல எத்தனை மடங்கு? முதல் விடை 6-க்குப் பக்கத்தில் வந்தால் உங்கள் கணக்கு சரி.