கழுத்துக் கட்டியும் கால்சியக் கணக்கும்

ஒருவருடைய கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது தைராய்டு சுரப்பியில் எழுந்த கட்டி என்கிறார் மருத்துவர். இரத்தத்தைச் சோதித்தால், தைராய்டு ஹார்மோன்களின் அளவு சரியாகவே இருக்கிறது. ஆனால் கால்சியம் மட்டும் கூடுதல். 100 மில்லி லிட்டர் ஊனீரில் 8.5 முதல் 10.5 மில்லி கிராம் வரை இருக்க வேண்டிய கால்சியம், 11.8 மில்லி கிராம் இருக்கிறது. கட்டிதான் இதற்குக் காரணம் என்று சொல்லிவிடலாமா?

அவசரம் வேண்டாம். முதலில் அந்த எண் மெய்தானா என்று பார்க்க வேண்டும். இரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் பட்டையை நெடுநேரம் இறுக்கி வைத்திருந்தாலும், உடலில் நீர் வற்றியிருந்தாலும் கால்சியத்தின் அளவு சற்று உயர்ந்து காட்டும். ஆகவே மறுபடியும் சோதிக்கிறார்கள். இரண்டாம் முறையும் அதே அளவு வந்தால்தான் காரணம் தேடத் தொடங்க வேண்டும்.

நம் உடலிலுள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் உள்ளது. எலும்பு ஒரு நெற்குதிர் போன்றது. குதிரைத் திறந்து வேண்டிய அளவு கால்சியத்தை இரத்தத்தில் விடுவது யார்? தைராய்டு அன்று. அதன் பின்புறம் ஒட்டியிருக்கும், துவரம் பருப்பளவே உள்ள நான்கு பாராதைராய்டு சுரப்பிகள்தாம் அந்த வேலையைச் செய்கின்றன.

இவற்றை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு காண்டாமிருகம் என்றால் வியப்பாக இல்லையா? லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1849ஆம் ஆண்டு இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன், தைராய்டை ஒட்டி மஞ்சள் நிறமான ஒரு சிறு சுரப்பியைக் கண்டார். மனித உடலில் இவற்றை விளக்கமாக எழுதியவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவ மாணவர் ஐவர் சாண்ட்ஸ்ட்ராம். ஆண்டு 1880.

இச்சுரப்பிகள் வேலை செய்யும் முறையை, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். நீர் குறைந்தால் மிதவை இறங்கிக் குழாய் திறக்கும். நிறைந்தால் மிதவை ஏறிக் குழாய் அடைபடும். அதுபோல, இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும். கால்சியம் கூடினால் சுரப்பு குறையும்.

இப்போது சிந்தியுங்கள். தொட்டி நிரம்பி வழிகிறது. குழாய் மூடியிருந்தால், நீர் வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால்? மிதவையில்தான் கோளாறு! கால்சியம் கூடியிருக்கும்போது பாராதைராய்டு ஹார்மோனை அளப்பது இதற்காகவே. ஹார்மோன் மிகக் குறைந்திருந்தால், அளவுக்கு மீறி உட்கொண்ட வைட்டமின் டி, சிலவகைப் புற்றுநோய் போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டும். குறையாமலே இருந்தால், பெரும்பாலும் பாராதைராய்டு சுரப்பி ஒன்றில் கட்டி இருக்கும்.

ஹார்மோனை அளக்கும் இம்முறை 1963இல்தான் வந்தது. அதற்கு முன் நோயாளிகள் பட்ட பாட்டுக்கு, அமெரிக்க வணிகக் கப்பல் தலைவர் சார்லஸ் மார்ட்டெல் ஒரு சான்று. ஆறடிக்கு மேல் உயர்ந்த அந்த மனிதர், எலும்புகள் நலிந்து, அடிக்கடி முறிந்து, சுமார் 7 அங்குலம் குறுகிப்போனார். சிறுநீரகத்தில் கற்களும் தோன்றின. இரத்தத்தில் கால்சியம் மிகுந்திருப்பது 1926இல் தெரியவந்தது. கழுத்தைத் திறந்து தேடினார்கள், கட்டி அகப்படவில்லை. ஆறு அறுவைகள் பயனற்றுப் போயின. 1932இல் பாஸ்டன் நகரில் நடந்த ஏழாவது அறுவையில், மார்பெலும்புக்குப் பின்னால், நெஞ்சுக்குள் அக்கட்டி கிடைத்தது! ஆனால் காலம் கடந்துவிட்டது. சில வாரங்களில் அவர் இறந்தார். இரத்தத்தின் எண் சரியாகத்தான் சொன்னது. தேடிய இடம்தான் வேறு.

இனி, நாம் தொடங்கிய நோயாளிக்கு வருவோம். அவருக்குப் பாராதைராய்டு ஹார்மோனும் கூடுதலாக இருந்தால், இரண்டு வாய்ப்புகள் உள்ளன. தைராய்டுக் கட்டி என்று எண்ணியதே பாராதைராய்டுக் கட்டியாக இருக்கலாம். அல்லது தைராய்டில் ஒன்றும் பாராதைராய்டில் ஒன்றுமாக, தொடர்பில்லாத இரு கட்டிகள் ஒரே கழுத்தில் இருக்கலாம். மீஒலிப் படம் இவற்றைப் பிரித்துக் காட்ட உதவும். தைராய்டுக் கட்டியில் ஐயம் இருந்தால், மெல்லிய ஊசியால் சிறிதளவு திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தைராய்டுக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பது ஆறுதலான செய்தி. பழுதான பாராதைராய்டை அகற்றிவிட்டால், பெரும்பாலோருக்குக் கால்சியம் இயல்பு நிலைக்குத் திரும்பும்.

கண்ணுக்குத் தெரிவதெல்லாம் காரணம் ஆகிவிடாது. இரண்டு செய்திகள் சேர்ந்து வந்தால், ஒன்று மற்றொன்றை உண்மையில் விளக்குகிறதா என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் யாருக்கேனும் இத்தகைய சோதனைத் தாள் வந்தால், தாமே முடிவு கட்டாமல், பழைய தாள்களையும் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

சிந்திக்க:
1. கால்சியம் குறைந்தும், பாராதைராய்டு ஹார்மோன் மிகுந்தும் இருந்தால், மிதவை பழுதா, சரியா?
2. நான்கு பாராதைராய்டுகளையும் அகற்றிவிட்டால் இரத்தத்தில் என்ன நேரும்?